முதல் கார்டு: கிரெடிட் யூனியனா, வங்கியா?

அக்கா மகன் போன செப்டம்பரில் அமெரிக்காவின் வட கரோலினாவில் இருக்கும் ராலேவுக்கு வேலைக்கு வந்து சேர்ந்தான். டெக்சஸில் எம்எஸ் முடித்து, ஓபிடியில், அதாவது படிப்பு முடித்த வெளிநாட்டு மாணவர்களுக்குத் தரும் தற்காலிக வேலை அனுமதியில், முதல் வேலை. வந்த இரண்டாவது சனிக்கிழமை காலை, காபி டம்ளரோடு எதிரில் உட்கார்ந்து, "மாமா, உங்க கிரெடிட் கார்டுல என் பேரையும் சேர்த்துவிட்டா ஸ்கோர் தானா வந்துடும்னு பசங்க சொல்றாங்க" என்றான். ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது போல அவ்வளவு சுலபமாகக் கேட்டுவிட்டான்.

இரண்டு வருஷம் அமெரிக்காவில் இருந்தவனுக்குக் கிரெடிட் ஹிஸ்டரி, அதாவது கடன் வாங்கித் திருப்பிக் கட்டிய வரலாறு, ஒரு வரிகூடக் கிடையாது. அத்தானின் வளர்ப்பு அப்படி. கடன் என்றால் நகையை அடகு வைத்து வாங்குவது, கார்டு என்றால் நம் பணத்தை நாமே எடுக்க வங்கி தருவது. அவர் அகராதியில் வேறு அர்த்தம் இல்லை. அதனால் பையன் டெபிட் கார்டிலேயே காலம் தள்ளிவிட்டான். வாடகை, போன் பில், மளிகை எதிலும் ஒரு நாள் பிந்தியதில்லை. ஆனால் டெபிட் கார்டில் நடப்பது கிரெடிட் ஏட்டில் ஏறாது. இரண்டு வருஷ ஒழுங்கு மொத்தமும் காற்றில் எழுதிய கணக்காகப் போயிற்று.

இங்கே அந்த ஏட்டை வைத்திருப்பவர்கள் மூன்று பேர்: எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், டிரான்ஸ்யூனியன். அவர்களிடம் இருப்பதை வைத்து, கடன் தருபவர்கள் பார்ப்பதற்காக 300 முதல் 850 வரை ஒரு எண் போடுவதுதான் ஃபைகோ ஸ்கோர். அந்த எண் பிறக்கவே, ஆறு மாத வயதாவது உள்ள ஒரு கடன் கணக்கு வேண்டும். அந்த எண்ணில் 35 சதவீதம் தவணை தவறாமல் கட்டினோமா என்பதற்கு; 30 சதவீதம் எவ்வளவு பாக்கி வைத்திருக்கிறோம் என்பதற்கு; 15 சதவீதம் கணக்கின் வயதுக்கு. மிச்சம் 20, புதிதாகக் கேட்ட கடன்களுக்கும் கடன் வகைகளுக்கும். முதல் கார்டு எங்கே வாங்கினாலும் இந்தக் கணக்கு ஒன்றுதான். பிறகு ஏன் கிரெடிட் யூனியனா (உறுப்பினர்களே சொந்தக்காரர்களான கூட்டுறவுக் கடன் சங்கம்) வங்கியா என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும்? அவனும் அதைத்தான் கேட்டான். பதில் சொல்ல எனக்கு ஒரு பழைய காயம் இருந்தது.

நான் வந்த புதிதில், வேலை பார்த்த கம்பெனியோடு ஒட்டியிருந்த ஒரு சின்ன கிரெடிட் யூனியனில் முதல் கார்டு வாங்கினேன். அலுவலக வளாகத்திலேயே கிளை, பெயர் சொல்லிக் கூப்பிடும் அம்மா ஒருவர், மேசையில் ஒரு கிண்ணம் மிட்டாய். எனக்கு ஊர்க் கூட்டுறவு பேங்க் ஞாபகமே வந்துவிட்டது. ஒன்றரை வருஷம் மாதாமாதம் முழுத்தொகையையும் கட்டினேன். அப்புறம் பழைய கேம்ரி கார் ஒன்று வாங்கப் போனால், டீலரிடம் இருந்த ஃபைனான்ஸ் ஆள் திரையைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். அவர் எடுத்துப் பார்த்த நிறுவனத்தில் எனக்கு ஏடே இல்லை. நான் நம்பியிருந்த கிரெடிட் யூனியன் மூன்றில் ஒரே ஒரு நிறுவனத்துக்குத்தான் விவரம் அனுப்பிக்கொண்டிருந்தது. சட்டப்படி அதில் தப்பும் இல்லை. விவரம் அனுப்புவது கட்டாயம் கிடையாது. சின்ன இடங்கள் செலவை மிச்சம் பிடிக்க ஒன்றோடோ இரண்டோடோ நிறுத்திக்கொள்வது உண்டு. 14 சதவீத வட்டிக்கு அந்தக் கேம்ரியை ஓட்டிக்கொண்டு வந்தேன். மிட்டாய்க் கிண்ணத்தைப் பார்த்துக் கார்டு வாங்கக் கூடாது என்று அன்றைக்குப் புரிந்தது.

அப்படியிருந்தும் நான் கிரெடிட் யூனியன் கட்சிதான். ஏன் என்று சொல்கிறேன்.

கிரெடிட் யூனியன் என்பது நம் கூட்டுறவு நாணயச் சங்கத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி. இரண்டுக்கும் மூலம் 19ஆம் நூற்றாண்டு ஜெர்மனியில் ரைஃபைசன் தொடங்கிய கிராமக் கடன் சங்கங்கள். சென்னை மாகாணத்தில் ஃபிரெடரிக் நிக்கல்சன் 1890களில் அதைப் பற்றி எழுதிய பெரிய அறிக்கைக்குப் பிறகுதான் 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. பாஸ்டன் கடைமுதலாளி எட்வர்ட் ஃபைலீன் 1907இல் இந்தியா வந்து வங்காளத்துச் சங்கங்களைப் பார்த்துவிட்டுப் போய், அமெரிக்காவில் இந்த இயக்கத்துக்குப் பணத்தையும் காலத்தையும் கொட்டினார். அங்கே முதல் கிரெடிட் யூனியன் 1908-09 வாக்கில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் மான்செஸ்டரில், பிரெஞ்சு பேசும் மில் தொழிலாளர்களுக்காக வந்தது. புலம்பெயர்ந்து வந்தவர்கள், வங்கி உள்ளே விடாதவர்கள். நாடு முழுவதுக்குமான சட்டம் 1934இல் ரூஸ்வெல்ட் காலத்தில்.

இதையெல்லாம் பையனிடம் சொன்னபோது கொட்டாவி விட்டான். சரி, அவனுக்கு வேண்டியது இவ்வளவு: கிரெடிட் யூனியனில் சேர உறுப்பினராக வேண்டும். பங்குத் தொகையாகப் பெரும்பாலும் 5 டாலரிலிருந்து 25 டாலர் வரை போட வேண்டும். உறுப்பினருக்குத்தான் கடன், கார்டு எல்லாம். யார் உறுப்பினராகலாம் என்பதற்கு ஒரு வரம்பு இருக்கும். வேலை பார்க்கும் இடம், குடியிருக்கும் ஊர், படித்த பல்கலைக்கழகம் என்று ஏதாவது ஒரு பொதுப் பிணைப்பு. நாட்டிலேயே பெரியதான நேவி ஃபெடரல், 1933இல் கடற்படை அலுவலகத்தில் ஏழு பேர் சேர்ந்து தொடங்கியது. இன்றைக்கும் ராணுவத் தொடர்பு இல்லாமல் உள்ளே போக முடியாது. சியாட்டில் பக்கத்துத் தமிழர்கள் வாயில் அடிக்கடி அடிபடும் பெக்கு, 1935இல் போயிங் ஊழியர்களுக்காக வந்தது. இப்போது வாஷிங்டன் மாநிலத்தில் குடியிருந்தால் போதும். சிகாகோவின் அலையன்ட்டும் அதே 1935. யுனைட்டெட் ஏர்லைன்ஸ்காரர்கள் ஆரம்பித்தது. இங்கே வட கரோலினாவில் 1937இல் தொடங்கிய மாநில அரசு ஊழியர் கிரெடிட் யூனியன் பெரிய யானை. ஆனால் அது அரசு ஊழியர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும். தனியார் கம்பெனிக்காரனான இவனுக்கு ஊர் அடிப்படையில் சேர்க்கும் இரண்டு கிரெடிட் யூனியன்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. டெபாசிட் பத்திரமா என்ற கவலை வேண்டாம். வங்கி டெபாசிட்டுக்கு எஃப்டிஐசி என்ற மத்திய அமைப்பு காப்பீடு தருவது போல, கிரெடிட் யூனியன்களுக்கு என்சியூஏ என்ற மத்திய அமைப்பின் காப்பீடு 2,50,000 டாலர் வரை இருக்கிறது.

இனி கார்டுக்கு வருவோம். ஏடே இல்லாதவனுக்கு எந்த இடமும் சும்மா கார்டு தராது, தந்தாலும் அபூர்வம். அவனுக்கு நடைமுறையில் கிடைப்பது செக்யூர்டு கார்டு. 500 டாலர் டெபாசிட் போட்டால் 500 டாலர் லிமிட். நகையை வைத்து நகைக்கடன் வாங்குவது போல, பணத்தை வைத்துக் கார்டு வாங்குவது. இதில் புதியவர்கள் பலரும் செய்யும் தப்பு ஒன்று உண்டு. "பில் கட்ட மறந்தா டெபாசிட்டில் கழிச்சுக்குவாங்க" என்று நினைத்துக்கொள்கிறார்கள். கழிக்க மாட்டார்கள். டெபாசிட் அங்கேயே உட்கார்ந்திருக்கும், பில் தனியாக வரும், தாமதக் கட்டணம் தனியாக ஏறும். 30 நாள் தாண்டினால் ஏட்டிலும் ஏறும். ஏறினால் ஏழு வருஷம் இருக்கும். கார்டையே மூடும் நிலை வந்தால்தான் டெபாசிட்டில் கை வைப்பார்கள்.

கிரெடிட் யூனியனின் செக்யூர்டு கார்டையும் வங்கியின் செக்யூர்டு கார்டையும் அவன் லேப்டாப்பில் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்தோம். கார்டு விண்ணப்பத்தோடு கட்டாயம் ஒரு கட்டம் போட்ட அட்டவணை வரும், வட்டி, கட்டணம் எல்லாம் ஒரே இடத்தில். அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த சார்லஸ் ஷூமர் பெயரில் ஷூமர் பெட்டி என்பார்கள். விளம்பரப் பக்கத்தை மூடிவிட்டு இதை மட்டும் படித்தால் போதும்.

முதலில் கண்ணில் பட்டது வட்டி. ஃபெடரல் கிரெடிட் யூனியன்கள் 18 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்க முடியாது. 1987 முதல் இந்த உச்சவரம்பு அப்படியே இருக்கிறது. பெயரில் 'ஃபெடரல்' இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மாநிலச் சட்டத்தின் கீழ் வரும் கிரெடிட் யூனியன்களுக்கு இந்த வரம்பு அப்படியே பொருந்தாது. வங்கிகளின் செக்யூர்டு கார்டுகளில் 25, 29 என்றெல்லாம் பார்க்கலாம். ஆயிரம் டாலர் பாக்கி வைத்தால் மாதத்துக்கு ஒரு பக்கம் 15 டாலர், மறுபக்கம் கிட்டத்தட்ட 24.

இந்த இடத்தில்தான் கிரெடிட் யூனியன் ரசிகர்கள் கொடி பிடித்துவிடுவார்கள். நான் பிடிக்க மாட்டேன். மாதாமாதம் முழுத்தொகையையும் கட்டுகிறவனுக்கு 18 சதவீதமும் ஒன்றுதான், 80 சதவீதமும் ஒன்றுதான். ஸ்டேட்மென்ட் வந்து கெடுவுக்குள் கட்டினால் வட்டியே கிடையாது. முதல் கார்டில் பாக்கி வைக்கவே கூடாது என்று ஒருவனுக்குச் சொல்லிவிட்டு, பாக்கிக்கு வட்டி குறைவு என்று அதே கார்டை விற்பது எப்படி?

ஆனால் இவன் ஓபிடியில் இருக்கிறான். வேலை போனால், வேலையில்லாமல் இருக்க அனுமதி மொத்தம் 90 நாள். எச்-1பி வேலை விசாக்காரர்களுக்கு 60 நாள். அந்த நேரத்தில் வாடகையும் டிக்கெட்டும் கார்டில் ஏறத்தான் செய்யும், எவ்வளவு ஒழுங்கானவனாக இருந்தாலும். 18 சதவீத வரம்பு அந்த 90 நாளுக்கான குடை. மழை வராது என்று தெரிந்தால் குடை சுமைதான். நம்மில் யாருக்கு அது தெரியும்?

சரி, குடையில் ஓட்டையும் இருக்கிறது. கிரெடிட் யூனியன் கார்டு ஒப்பந்தங்களில் பல, இப்படி ஒரு பத்தி வைத்திருக்கும்: கார்டு பாக்கிக்கு ஈடாக, எங்களிடம் உள்ள உங்கள் சேமிப்பின் மீது உரிமை தருகிறீர்கள். சாதாரணமாக, கார்டு பாக்கிக்காக வங்கி நம் சேமிப்புக் கணக்கில் கை போட மத்தியச் சட்டம் விடாது. நாமே எழுதிக் கொடுத்தால் அது வேறு கதை. கிரெடிட் யூனியன்கள் அந்த வாசலை நன்றாகப் பயன்படுத்துகின்றன. இன்னொரு படி மேலே, அதே இடத்தில் கார் கடனும் இருந்தால், காருக்கான தவணை முழுதும் முடிந்த பிறகும் கார்டு பாக்கி தீரும்வரை காரின் டைட்டிலை, அதாவது உரிமைப் பத்திரத்தை, பிடித்து வைக்கும் ஷரத்தும் உண்டு. எதைச் சொல்லிக் குடை என்றேனோ, அதே வேலை போகும் நேரத்தில்தான் இதுவும் கடிக்கும். சம்பளம் போடும் கணக்கு, அவசரத்துக்கு வைத்த பணம் எல்லாம் கார்டு வாங்கிய அதே கிரெடிட் யூனியனில் இருந்தால், வாடகைக்கு என்று வைத்திருந்தது ஒரு காலையில் காணாமல் போகலாம். என் தீர்வு எளிது. கார்டு அங்கே, சம்பளமும் சேமிப்பும் வேறு வங்கியில். கிரெடிட் யூனியன் கணக்கில் பங்குத் தொகையும் டெபாசிட்டும் மட்டும் இருக்கட்டும்.

வங்கிப் பக்கம் நியாயமாகச் சொல்ல நிறைய இருக்கிறது. டிஸ்கவர் செக்யூர்டு கார்டுக்கு 200 டாலர் டெபாசிட், ஆண்டுக் கட்டணம் இல்லை, செலவில் கொஞ்சம் திரும்பியும் வரும். ஏழாம் மாதத்திலிருந்து தானே பரிசீலித்து டெபாசிட்டைத் திருப்பித் தரும் ஏற்பாடு அதற்கு உண்டு. கேப்பிட்டல் ஒன் பிளாட்டினம் செக்யூர்டில் ஆளைப் பொறுத்து 49, 99 அல்லது 200 டாலர் வைத்தால் 200 டாலர் லிமிட். கையில் 500 டாலர் முடக்க முடியாத மாணவனுக்கு அந்த 49 பெரிய விஷயம். இரண்டு இடத்திலும், கார்டு கிடைக்குமா என்று ஏட்டில் தழும்பு விழாமல் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளலாம். பல கிரெடிட் யூனியன்களில் இந்த வசதி இல்லை. விண்ணப்பித்த உடனே முழு விசாரணை, அது இரண்டு வருஷம் ஏட்டில் தெரியும். ஒன்று என்றால் பெரிய பாதிப்பில்லை, பெரும்பாலும் ஐந்து புள்ளிக்குள். ஒரே வாரத்தில் நாலு இடத்தில் கார்டு கேட்டு வைப்பதுதான் ஆபத்து. பெரிய வங்கிகள் மூன்று நிறுவனங்களுக்கும் விவரம் அனுப்பும் என்பதால், எனக்கு நடந்த கூத்து அங்கே நடக்காது. ஆப்பும் ஒழுங்காக வேலை செய்யும். சின்ன கிரெடிட் யூனியன்கள் சிலவற்றில் கார்டு பில் கட்ட ஒரு தளம், மற்ற கணக்குக்கு இன்னொரு தளம், இரண்டுக்கும் தனித்தனி பாஸ்வேர்டு. பில்லைத் தானாகவே கட்டும் ஆட்டோ பே போட்டுவிட்டு மறந்துபோகும் வசதிதான் முதல் கார்டுக்காரனுக்கு உயிர் என்பதால், இதைச் சின்ன விஷயம் என்று தள்ள முடியாது.

அதே சமயம், டிஸ்கவர் கார்டை எடுத்துக்கொண்டு காஸ்ட்கோவுக்குப் போக முடியாது. 2016 முதல் அங்கே கிரெடிட் கார்டில் விசா மட்டும்தான். பால், எண்ணெய், டிஷ்யூ எல்லாம் அங்கிருந்துதான் என்று வாழும் நம் வீடுகளுக்கு இது அன்றாடப் பிரச்சினை. கிரெடிட் யூனியன் கார்டுகளில் பல விசா. ஊருக்குப் போய் தி.நகரில் தேய்ப்பதாக இருந்தால் தராசு மறுபக்கம் சாயும். டிஸ்கவரிலும் கேப்பிட்டல் ஒன்னிலும் வெளிநாட்டுக் கட்டணம் கிடையாது. கிரெடிட் யூனியன் கார்டில் ஒரு சதவீதமோ கூடவோ இருக்கலாம், ஷூமர் பெட்டியில் பார்க்க வேண்டும்.

அவன் முதலில் கேட்ட கேள்விக்கு வருகிறேன், என் கார்டில் பெயர் சேர்ப்பது. அது பலன் தராது என்று சொல்ல மாட்டேன். என் பழைய கணக்கின் வயதும் ஒழுங்கும் அவன் ஏட்டிலும் தெரியும், ஃபைகோ அதைக் கணக்கில் எடுக்கும். ஆனால் கடனுக்குப் பொறுப்பு நான் மட்டும். நான் ஒரு மாதம் மறந்தால் அவன் ஏட்டில் கறை. அவன் கண்டபடி தேய்த்தால் பில் எனக்கு. கடன் தருபவர்களில் சிலர் இப்படி ஒட்டிக்கொண்டு வந்த கணக்கைப் பெரிதாக மதிப்பதும் இல்லை. உறவுக்குள் பணம் வந்தால் என்ன ஆகும் என்று நம் வீடுகளில் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கூடுதலாகச் செய்யலாம், இதையே முதல் கார்டாக வைத்துக்கொள்ளாதே என்றேன். முகம் கொஞ்சம் வாடியது.

ஊரில் சேர்த்த கடன் வரலாறு, அதாவது சிபில், பொதுவாகக் கடல் தாண்டாது. அதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் 2019இல் நோவா கிரெடிட் என்ற நிறுவனத்தோடு சேர்ந்து, இந்தியா உள்பட சில நாடுகளின் கிரெடிட் வரலாற்றைப் பார்த்துப் புதியவர்களுக்குக் கார்டு தரும் வழி ஒன்றைத் திறந்தது. சென்னையில் பத்து வருஷம் கார்டு வைத்திருந்து 35 வயதில் மாற்றலாகி வருபவர் முதலில் தட்ட வேண்டிய கதவு அதுதான். டெபாசிட் எதுவும் வேண்டாம். இவனிடம் இருந்தது கல்விக்கடன் மட்டும், அதுவும் தவணை இன்னும் தொடங்காதது. விட்டுவிட்டோம்.

திங்கள்கிழமை மாலை இரண்டு கிரெடிட் யூனியன்களுக்கும் ஸ்பீக்கரில் போன் போட்டோம். கேள்விகளைக் காகிதத்தில் எழுதி வைத்திருந்தோம். மூன்று நிறுவனங்களுக்கும் மாதாமாதம் விவரம் போகிறதா? ஏட்டில் 'செக்யூர்டு' கடன் என்று போகிறதா, சாதாரணக் கார்டாகவா? எத்தனை மாதத்தில் டெபாசிட் திரும்பும்? திரும்பும்போது இதே கணக்கு தொடருமா, இதை மூடிப் புதுக் கார்டு தருவீர்களா?

கடைசிக் கேள்விதான் முக்கியம். முதலில் பேசிய இடத்தில் அந்தப் பெண் நல்ல குரலில், மூன்று நிறுவனங்களுக்கும் போகிறது என்றார். பிறகு, டெபாசிட் வேண்டுமானால் கார்டை மூடிவிட்டுச் சாதாரணக் கார்டுக்குப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும் என்றார். அப்படியென்றால் ஒரு வருஷம் வளர்த்த கணக்கை மூடி, மறுபடி விசாரணை, மறுபடி புதுக் கணக்கு. மூடிய கணக்கு ஏட்டில் பத்து வருஷம் வரை இருக்கும் என்பதால் எல்லாம் பாழ் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரே கணக்கை முதல் நாளிலிருந்து இழுத்துக்கொண்டு போவதன் சுகமே வேறு. இரண்டாவது இடத்தில் பேசியவர் எங்களைக் காத்திருக்க வைத்து யாரையோ கேட்டுவிட்டு வந்து, 12 மாதம் நேரத்துக்குக் கட்டினால் நீங்களே போன் செய்து கேளுங்கள், அதே கணக்கை மாற்றித் தருவோம், அதுவாக நடக்காது என்றார். வங்கிகளின் கணினி தானே பார்த்துச் செய்வதை இங்கே மனிதரைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். எனக்கு அது சம்மதமே. கணினி முடியாது என்றால் முடியாதுதான். மனிதரிடம் சம்பளச் சீட்டைக் காட்டிப் பேசலாம்.

அந்தப் பேச்சுக்குத்தான் நான் கிரெடிட் யூனியன் கட்சி. பையன் அடுத்த வசந்தத்தில் கார் வாங்கப் பார்க்கிறான். பஸ்ஸை நம்பி ராலேவில் எவ்வளவு நாள் ஓட்ட முடியும்? டீலர் கொண்டுவரும் கடனில் அவர் பங்குக்குக் கொஞ்சம் வட்டி ஏற்றி வைப்பது வழக்கம். கிரெடிட் யூனியன்களில் பல, முதல் முறை கார் வாங்குபவர்களுக்கென்றே தனித் திட்டம் வைத்திருக்கின்றன. அப்போது இவன் முகம் தெரியாதவனாக இல்லாமல், ஆறேழு மாதமாகத் தவறாமல் கட்டிவரும் உறுப்பினராகப் போய் நிற்பான். கார்டு அங்கே ஒரு அறிமுகச் சீட்டு. கார் கடன் ஒன்றில் வட்டி மூன்று சதவீதம் குறைந்தாலே, டிஸ்கவர் வருஷம் முழுக்கத் திருப்பித் தரும் காசைப் போல பல மடங்கு மிச்சம்.

இதே காரணத்தால்தான், பிட்ஸ்பர்க்கில் படிக்கும் என் நண்பர் மகளுக்கு நேர்மாறாகச் சொன்னேன். அவள் ஒரு வருஷத்தில் படிப்பு முடித்து எந்த ஊருக்குப் போவாளோ தெரியாது. காரும் இப்போதைக்கு இல்லை. கையில் இருப்பதும் கொஞ்சம். உள்ளூர்க் கிரெடிட் யூனியனின் உறவு அவளுக்கு எதற்கு? 200 டாலர் வங்கிக் கார்டு போதும். 21 வயது நிறையாத மாணவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2009 சட்டப்படி அவர்களுக்குச் சொந்த வருமானம் காட்ட வேண்டும், இல்லையேல் பொறுப்பேற்க ஒருவர் கூடக் கையெழுத்திட வேண்டும்.

டெபாசிட் எவ்வளவு என்பதில் எங்களுக்குள் சின்ன வாக்குவாதம் நடந்தது. அவன் 300 போதும் என்றான். நான் அவனை இந்தியன் ஸ்டோருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இருபது பவுண்டு பொன்னி அரிசி மூட்டை, துவரம்பருப்பு, நல்லெண்ணெய், ஃப்ரோசன் பரோட்டா இரண்டு, முருங்கைக்காய், அவன் விடாப்பிடியாக எடுத்த ஒரு பெரிய பிரஷர் குக்கர். பில் 212 டாலர் வந்தது. "இது 300 லிமிட்டில் எத்தனை சதவீதம்?" என்று கேட்டேன். எழுபது. ஸ்டேட்மென்ட் தேதியன்று இருக்கும் பாக்கிதான் பொதுவாக ஏட்டுக்குப் போகும். முழுத்தொகையையும் கெடுவுக்குள் கட்டினாலும், அந்த மாதம் ஏட்டில் லிமிட்டில் எழுபது சதவீதம் தின்றவன் என்றுதான் தெரிவான். 30 சதவீதத்துக்குக் கீழே என்பார்கள். பத்துக்குக் கீழே இருந்தால் இன்னும் நல்லது. ஒரு குக்கருக்கு இவ்வளவா என்றான். ஆமாம் என்றேன். நல்ல வேளை, இது பழைய மாதத்தின் பாக்கியை அடுத்த மாதமே மறந்துவிடும் கணக்கு. நேரத்துக்குக் கட்டாத தழும்பு போல ஒட்டிக்கொண்டிருக்காது. கடைசியில் 500 போட்டான். பெரிய மளிகை வாங்கினால் ஸ்டேட்மென்ட் தேதிக்கு இரண்டு நாள் முன்னாலேயே பாதியைக் கட்டிவிடுவது என்று முடிவு.

கல்லாவில் எங்களுக்கு முன்னால் நின்ற ஒருவர் நாலு டாலர் கறிவேப்பிலை, கொத்தமல்லிக்குக் கார்டை நீட்ட, கடைக்கார அம்மா ஒட்டி வைத்திருந்த அட்டையைக் காட்டினார்: 10 டாலருக்குக் கீழ் கார்டு இல்லை. அதற்கும் சட்டம் இடம் தருகிறது, கிரெடிட் கார்டுக்குக் குறைந்தபட்சம் என்று பத்து டாலர் வரை கடைக்காரர் வைத்துக்கொள்ளலாம். பையன் சில்லறை நோட்டை எடுத்துப் பையில் வைத்துக்கொள்ளப் பழக வேண்டும்.

கிரெடிட் யூனியன்கள் தரும் இன்னொரு சரக்கு, கிரெடிட் பில்டர் லோன். கடன் என்று பெயர். பணம் நம் கைக்கு வராது, பூட்டிய கணக்கில் இருக்கும், மாதாமாதம் கட்டி முடித்த பிறகு கிடைக்கும். நம் ஊர் சீட்டில் கடைசித் தவணை வரை காத்திருந்து எடுப்பது மாதிரி, கூட வட்டியும் கட்டிக்கொண்டு. கார்டே கிடைக்காதவர்களுக்குச் சரி. இவனுக்குத் தேவைப்படவில்லை.

செவ்வாய்க்கிழமை கிளைக்குப் போனோம். பாஸ்போர்ட், எஸ்எஸ்என் (சமூகப் பாதுகாப்பு எண்) அட்டை, வாடகை ஒப்பந்தம், இரண்டு சம்பளச் சீட்டு. பங்குத் தொகை ஐந்து டாலரை ரொக்கமாக எண்ணி வைத்தான். கார்டு வந்த அன்றே ஆட்டோ பேயை முழு ஸ்டேட்மென்ட் தொகைக்குப் போட வைத்தேன். அந்தத் தளத்தில் முதல் தேர்வாகக் குறைந்தபட்சத் தொகைதான் டிக் ஆகியிருந்தது, அதை மாற்ற மூன்று பக்கம் உள்ளே போக வேண்டியிருந்தது. போன் பில்லையும் நெட்ஃபிளிக்ஸையும் அந்தக் கார்டுக்கு மாற்றினோம். ஜனவரியில் மூன்று நிறுவனங்களின் அறிக்கையையும் இலவசமாக எடுத்துப் பார்த்தோம். வாரம் ஒரு முறை எடுக்கலாம், காசு கிடையாது. மூன்றிலும் அவன் பெயர் இருந்தது, ஒன்றில் மட்டும் இனிஷியலும் பெயரும் இடம் மாறி. அதைத் திருத்தச் சொல்லி எழுதிப் போட்டிருக்கிறோம். அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் போடும் நமக்கு இந்தத் தலைவலி தனி.

நேற்று போன் செய்தான். கிரெடிட் யூனியனிலிருந்து ஏதோ தபால் வந்திருக்கிறதாம், வருடாந்தரக் கூட்டம், இயக்குநர் தேர்தல் என்று. "அஞ்சு டாலருக்கு ஓட்டெல்லாம் இருக்கா மாமா?" இருக்கிறது, ஐந்து லட்சம் வைத்திருப்பவருக்கும் அதே ஒரு ஓட்டுதான் என்றேன். யாருக்குப் போடுவது என்று கேட்டான். மூன்று நிறுவனங்களுக்கும் விவரம் அனுப்புவதை நிறுத்த மாட்டேன் என்பவருக்குப் போடு என்றேன்.